கூண்டுக்கு வெளியே போகும் தீவனம்: ‘சிந்துதீவனம்’ பொருந்துமா?

வணக்கம். நீர்த்தேக்கத்தில் மிதவைக் கூண்டு கட்டித் திலாப்பியா வளர்க்கும்போது தீவனத்தில் ஒரு பகுதி வெளியே போய் அங்குள்ள மீன்களுக்கு உணவாகிறது. இதற்கு ஒரு தமிழ்க் கலைச்சொல் தேடுகிறேன். ‘உணவு மானியம்’ என்றால் ரேஷன் கடைதான் நினைவுக்கு வரும். ‘எச்சத்தீவனம்’ என்றால் பறவை எச்சம். ‘சிந்துதீவனம்’ எனலாமா?

—

ஐயா, சொல் நன்று, ஆனால் பாதியைத்தான் பிடிக்கிறது. பிரேசிலில் பரனபனேமா ஆற்றின் ஷவான்டிஸ் நீர்த்தேக்கத்தில் கூண்டருகே பிடித்த மீன்களின் இரைப்பையில் தீவனக் குருணையே கிடைத்தது. இது நேர்வழி. குருணை 4–6 மி.மீ., கூண்டின் வலைக்கண்ணி அதைவிடப் பெரிது. காற்றும் உள்ளே மீன்கள் மொய்க்கும் வேகமும் மிதக்கும் குருணையை வெளியே தள்ளிவிடும். கூண்டின் மேல்விளிம்பில் நெருக்கமான வலைத் தடுப்பு கட்டாவிட்டால் இழப்பு கூடும்.

இன்னொன்று சுற்றுவழி. கழிவிலும் தீவனத் தூளிலும் உள்ள பாஸ்பரஸ் பாசியை வளர்க்கும். அதை மிதவை நுண்ணுயிரிகள் தின்னும். அடியில் படியும் கழிவில் இரத்தப்புழு என்ற சிவப்புப் பூச்சிப்புழு பெருகும். இவற்றைத் தின்ற மீனின் வயிற்றை அறுத்தால் ஒரு குருணைகூட இராது. இதையும் ‘சிந்துதீவனம்’ என்று எழுதினால், எதை அளந்தார்கள் என்றே வாசகருக்குப் புரியாது.

இரைப்பை கடைசிச் சில மணி நேர உணவைத்தான் காட்டும். தசையின் ஓரிடத்தான் (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணு) அளவு பல வாரக் கணக்கைச் சொல்லும். நைட்ரஜன்-15 உணவுப்படி ஒன்றுக்குச் சுமார் ஆயிரத்தில் 3.4 பங்கு ஏறும். கார்பன்-13 அளவில் (பொது அளவுகோலைவிட ஆயிரத்தில் எத்தனை பங்கு குறைவு என்பது) மக்காச்சோளம் −12 அருகே, சோயா −27 அருகே. கலப்புத் தீவனம் இரண்டுக்கும் நடுவில் நிற்கும். நீர்த்தேக்கப் பாசியும் அதே அளவில் இருந்தால் கார்பன் கைவிட்டுவிடும். அப்போது கொழுப்பில் லினோலெயிக் அமிலம் கூடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அது சோயா எண்ணெயின் தடயம். ஓரிடத்தான் மாதிரியை ஃபார்மலினில் போடக்கூடாது, கார்பன் அளவு மாறிவிடும். உறையவைப்பதே சரி.

—

அம்மா சொல்வது சரி. அப்படியானால் கலைச்சொல் பட்டியலில் இரண்டு பதிவு: நேர்வழிக்குச் ‘சிந்துதீவனம்’, இரு வழியையும் சேர்த்துப் ‘புறவரவு ஊட்டம்’. ‘இரை’ வேண்டாம், மீன்பிடிப்பில் அது தூண்டிலில் கோப்பது. வினைத்தொகை என்பதால் ஒற்றும் வேண்டாம். ‘சிந்துத்தீவனம்’ என்று எழுதினால் பாகிஸ்தானிலிருந்து வந்த தீவனமாகிவிடும்!

தின்னும் மீனை ‘நாட்டு மீன்’ என்பதும் தவறு. கூண்டிலிருந்து தப்பிய திலாப்பியாவும் அங்கே தின்கிறது. ‘வெளிமீன்’ என்று வைத்துக்கொள்ளலாம்.