புதுப்பிப்பு: மெனுவில் தனியாக நின்ற பக்கம் சரியாகிவிட்டது

போன வாரம் கேட்டிருந்தேன்: வேர்ட்பிரஸ் தீமின் (தளத்தின் தோற்றத்தை அமைக்கும் கோப்புகள்) ஹெடரில் டபிள்யூபி_லிஸ்ட்_பேஜஸ் என்ற ஃபங்ஷன் காட்டும் பக்கப் பட்டியலில், 'நன்றி' பக்கத்தை எக்ஸ்க்ளூட் (விலக்கு) என்ற அமைப்பைக் கொடுத்து நீக்கினால், அதன் கீழிருந்த 'ரசீது' பக்கம் கடைசியில் தனியாக வந்து நிற்கிறதே, ஏன் என்று.

காரணம் பிடிபட்டது. எக்ஸ்க்ளூட் அந்த ஒரு பக்கத்தைத்தான் நீக்கும். தாய்ப் பக்கம் போனதும் பிள்ளைப் பக்கம் மேல்மட்டத்துக்கு ஏறிவிடுகிறது. பிள்ளைப் பக்கங்களையும் சேர்த்து விலக்கும் எக்ஸ்க்ளூட்_ட்ரீ என்று மாற்றி, 'நன்றி' பக்கத்தின் அதே ஐடி (பக்க எண்) 42-ஐக் கொடுத்தேன், இரண்டும் மறைந்தன. அப்பாடா!

பட்டியலின் தலைப்பைத் தரும் டைட்டில்_எல்ஐ-யையும் காலியாக விட்டேன். 'பேஜஸ்' என்ற தலைப்பு போனது. கவனம், கூடவே பட்டியலைச் சுற்றி வெளியே இருக்கும் யுஎல் என்ற ஹெச்டிஎம்எல் டேக்கும் போய்விடும், அதை நாமே எழுத வேண்டும். மாற்றமெல்லாம் சைல்டு தீமில்தான் (மூல தீமைத் தொடாமல் அதன் மேல் அமையும் துணைத் தீம்) செய்தேன். ஐடியைச் சரிபார்க்கச் சொன்ன நண்பருக்கு மனமார்ந்த நன்றி.