கல்பாக்கத்து மாமா சொன்ன கதை

களியக்காவிளைப் பக்கம் எங்கள் தெருவில் ஒரு மாமா இருக்கிறார். கல்பாக்கத்தில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வுபெற்றவர். "கரண்டு எடுக்கிற இடம்தானே மாமா?" என்று ஒருநாள் கேட்டேன். "இல்ல மக்களே, அது மின் நிலையம். நான் இருந்தது பக்கத்துல உள்ள அணு ஆராய்ச்சி மையம்" என்று ஆரம்பித்தவர், சாயங்காலம் முழுக்கப் பேசினார்.

1971-ல் தொடங்கும்போது அதற்கு ரியாக்டர் ரிசர்ச் சென்டர் என்று பெயர். இந்திரா காந்தி பெயர் வந்தது 1985-ல். மாமா இன்றும் ஆர்.ஆர்.சி. என்றுதான் சொல்வார்.

அங்கே முதலில் கட்டியது வேக ஈனுலை; வேகமான நியூட்ரான்களால் இயங்கி, புது எரிபொருளையும் உண்டாக்கும் வகை அணு உலை. அதற்கு பிரான்சின் ராப்சோடி உலைதான் மாதிரி. 1974 பொக்ரான் அணுவெடிப்புச் சோதனைக்குப் பிறகு, எரிபொருளுக்காக பிரான்சிலிருந்து வரவேண்டிய செறிவூட்டிய யுரேனியம் வரவில்லை. அதற்காக வேலையை நிறுத்திவிடவில்லை. புளூட்டோனியம் அதிகம் கலந்த கார்பைடு எரிபொருளை மும்பை டிராம்பேயில் நம்மவர்களே செய்தார்கள். 1985 அக்டோபர் 18 அன்று உலையில் தொடர்வினை தொடங்கியது. எனக்கு இந்த இடம்தான் பெரிதாகப் படுகிறது.

மாமா அதிகம் பேசியது சோடியத்தைப் பற்றி. அந்த உலையின் சூட்டை எடுத்துப் போவது உருகிய சோடியம். 98 டிகிரிக்குக் கீழே வந்தால் கட்டியாகிவிடும் என்பதால், உள்ளே விடும் முன்பே குழாய்களையெல்லாம் சூடாக்கி வைக்க வேண்டும். காற்று பட்டால் எரியும் என்று மேலே ஆர்கான் வாயுவை நிரப்பி வைப்பார்கள். நீராவி உண்டாகும் இடத்தில் குழாய்ச் சுவருக்கு ஒரு பக்கம் சோடியம், மறுபக்கம் தண்ணீர். இரண்டும் சேர்ந்தால் ஆபத்து. "ஒவ்வொரு வெல்டிங்கையும் திரும்பத் திரும்பப் பார்ப்போம்" என்றார்.

அப்புறம் காமினி. 1996-ல் இயங்கத் தொடங்கிய, வெறும் 30 கிலோவாட் உலை. அதன் எரிபொருள் யுரேனியம்-233; தோரியத்திலிருந்து பிறப்பது. நம் மணவாளக்குறிச்சி, கேரளத்துச் சவறை மணலில் உள்ள மோனசைட் என்ற தாதுவில் இருப்பதும் அதே தோரியம்தான். 1909-லேயே ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் திருவிதாங்கூரில் அந்த மோனசைட்டைக் கண்டுபிடித்துவிட்டார். மணல் ஆலையைப் பார்த்தே வளர்ந்த எனக்கு, அந்தத் தோரியத்துக்கு இப்படி ஒரு வேலை இருப்பது அன்றுதான் தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் யாராவது சொல்லித் தந்திருக்கலாம் என்று இப்போதும் ஆதங்கமாக இருக்கிறது.

ராக்கெட்டில் வைக்கும் சிறு வெடிப்புக் கருவிகளையும் காமினியில் நியூட்ரான் படம் எடுத்துச் சோதிப்பார்களாம். எக்ஸ்ரேயில் சரியாகத் தெரியாத வெடிமருந்து, உலோகக் கூட்டுக்குள் இருந்தாலும் அதில் தெரியும்.

ஆர்.ஆர்.சி. காலத்தில் அங்கே வேலை பார்த்தவர்கள் குமரி, திருவனந்தபுரம் பக்கம் இருந்தால் எழுதுங்கள். முதன்முதலாகச் சோடியம் நிரப்பியபோது கூட இருந்தவர்கள் அவசியம் எழுத வேண்டும்.