சம்பளம் 200 ஏறியும் கையில் 200 இல்லையே, ஏன்?

சிப்புட்_வாசி:
மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் செம்பனைக் (பாமாயில்) குலை வெட்டுகிறவருக்கு குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,500லிருந்து 1,700 வெள்ளி (ரிங்கிட்) ஆனது. கைக்கு வருவது 200 கூடவில்லை. அதே வீட்டில் செம்பனை ஆலைக் கிராணியாக (எழுத்தர்) இருக்கும் பிள்ளைக்கு 4,000 சம்பளம். இப்போது 60 வெள்ளி ஏற்றுகிறார்கள். "வாங்காதே, வரி தின்றுவிடும்" என்கிறார்கள். பட்ஜெட்டில் சொல்லும் வரிக்கழிவு யாருக்குத்தான் பிரயோஜனம்?

கணக்குப்பிள்ளை:
2025 விகிதப்படி 1,700க்கு சேமநிதி 187, சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) 8.25, இஐஎஸ் (வேலையிழப்புக் காப்புறுதி) 3.30 போக 1,501.45. முன்பு 1,324.85. கூடியது 176.60.

வருமான வரி குலை வெட்டுகிறவருக்குக் கிடையாது. வருட சம்பளம் 20,400. தனிநபர் கழிவு 9,000, சேமநிதி 2,244, சொக்சோவும் கழித்தால் 9,000 சொச்சம்தான் நிற்கும். அதற்கு வரி 40 வெள்ளி. வரிக்குரிய வருமானம் 35,000க்குள் இருப்பதால் 400 வெள்ளி ரிபேட் (வரியிலேயே நேராகக் குறைக்கும் தள்ளுபடி) உண்டு, அந்த 40ம் போய்விடும். கழிவை எவ்வளவு கூட்டினாலும் குலை வெட்டுகிறவருக்கு ஒரு காசு வராது.

சம்பள சிலிப்பில் 'காஜி போக்கோக்' (அடிப்படைச் சம்பளம்) என்ற இடத்தைப் பாருங்கள். அங்கேயே 1,700 இருக்க வேண்டும். 1,550 போட்டு, வருகைப்படி 150 சேர்த்துக் காட்டினால் செல்லாது. தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுக்கலாம்.

ரசீது_பெட்டி:
கிராணி கதை வேறு. மாதம் 4,000 சம்பளத்தில் கழிவெல்லாம் போக வரிக்குரிய வருமானம் வருடத்துக்கு சுமார் 34,670. வரி 590, ரிபேட் 400, கட்டுவது 190. சம்பளம் 4,060 ஆனால் சுமார் 35,380. 35,000ஐத் தாண்டியதும் ரிபேட் மொத்தமாகப் போய்விடும், கட்டுவது 623. வருடத்துக்கு 720 ஏறி, சேமநிதியும் வரியும் போக நிற்பது ஏறக்குறைய 200. அப்படியும் நட்டமில்லை, தாராளமாக வாங்கட்டும்.

சரிசெய்ய வழி இருக்கிறது. வாழ்க்கைமுறைக் கழிவு 2,500 வரை உண்டு: புத்தகம், கைப்பேசி, கணினி, இணையக் கட்டணம். மாதம் 99 வெள்ளி இணையத்துக்குக் கட்டினாலே 1,188. மறுபடி 35,000க்குள் வந்து வரி 176 ஆகிவிடும். கழிவுகளை முதலாளியிடம் தெரிவிக்கும் டிபி1 பாரம் கொடுக்காவிட்டால், சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கும் வரியான பிசிபியில் இது சேராது. இ-ஃபைலிங்கில் (இணையவழி வருட வரிக்கணக்கு) போட்டால்தான் திரும்பி வரும். ரசீதை 7 வருடம் வைத்திருங்கள்.

பாசார்_மாலாம்:
விலைவாசியை விட்டுவிட்டீர்களே. 1,500 வந்தது மே 2022, 1,700 வந்தது பிப்ரவரி 2025. நடுவில் 33 மாதம் சம்பளம் அசையவில்லை. பணவீக்கம் 2022ல் 3.3%, 2023ல் 2.5%, 2024ல் 1.8%. அந்தக் கணக்கில் 13.3% ஏற்றம் முந்திக்கொண்டதுதான். ஆனால் 2022ல் உணவு விலை மட்டும் 5.8% ஏறியது. விலைக் குறியீட்டில் உணவின் பங்கு 30%க்குக் கிட்ட. சம்பளத்தில் பாதி அரிசி, மீன், எண்ணெய்க்கே போகிற வீட்டுக்கு அந்த 3.3% பொருந்தாது.

சிப்புட்_வாசி:
இணைய பில் அப்பா பேரில் இருக்கிறதே?

ரசீது_பெட்டி:
அப்படியென்றால் செல்லாது. பிள்ளை பேருக்கு மாற்றுங்கள், மாற்றிய மாதத்திலிருந்து கணக்கு.