ஓடிப் பழகியவனை நடக்கச் சொன்னார்கள்

பழைய ஜவான்:
போருக்குப் போகும் முன்னால் ஒரு சிப்பாயின் நாட்கள் எப்படி இருக்கும் என்று இங்கே பேச்சு வந்ததால், என் பங்குக்கு.

நான் 1996-ல் ரெக்ரூட்டாகச் சேர்ந்தது குன்னூர் பக்கம் வெலிங்டனில், மெட்ராஸ் ரெஜிமெண்ட் மையத்தில். ராமநாதபுரத்து வெயிலில் வளர்ந்தவனுக்கு ஆறாயிரம் அடி உயரத்துக் குளிர். விடியும் முன்பே விசில். குளிர்ந்த தண்ணீரில் சவரம். தாடை மரத்திருப்பதால், பிளேடு கிழித்தது ரத்தத்தைப் பார்த்தால்தான் தெரியும். அப்புறம் பி.டி., டிரில், ஆயுத வகுப்பு, ராத்திரி ஆள் கணக்கெடுக்கும் ரோல் கால்.

அங்கே நடை என்பதே கிடையாது. லங்கருக்கு, அதாவது சாப்பாட்டுக் கூடத்துக்கு ஓட்டம், வகுப்புக்கு ஓட்டம், வந்த கடிதத்தை வாங்கவும் ஓட்டம். நடந்து போய் பயிற்சி தரும் உஸ்தாத் கண்ணில் பட்டால் ரகடா என்ற தண்டனைதான், மைதானம் முழுக்கக் குட்டிக்கரணம். கட்டளை இந்தியில் வரும்; திட்டு மட்டும் அவரவர் தாய்மொழியில். எனக்கு மலையாளம் வந்ததே அப்படித்தான்.

1999 ஜூன். லடாக்கில் லே நகரத்தில் இறங்கினோம், 11,500 அடி. கார்கிலில் சண்டை நடக்கிறது, இன்றே மேலே அனுப்புவார்கள் என்று பிட்டுவை, அதாவது மூட்டைப் பையை, முதுகிலிருந்து இறக்காமலே நிற்கிறோம். மருத்துவ அதிகாரி வந்து சொன்னார்: "போய்ப் படுங்க. ரெண்டு நாளைக்கு எந்த வேலையும் கிடையாது. கக்கூஸுக்குப் போனாலும் மெதுவா நடந்து போங்க."

உடம்பு உயரத்துக்குப் பழகணும். 12,000 அடி வரைக்கும் ஆறு நாள், 15,000 வரைக்கும் நாலு நாள், அதற்கு மேலே இன்னும் நாலு நாள். என் கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டில்காரன் டீ விசில் கேட்டதும் பழக்க தோஷத்தில் ஓடிவிட்டான். ராத்திரி தலைவலி, வாந்தி. அவனுக்கு நாள் கணக்கு மறுபடியும் ஒன்றிலிருந்து. எங்களுக்கு முன்னால் போனவர்களுக்கு இந்த அவகாசம்கூடக் கிடைக்கவில்லை என்று அப்புறம் கேள்விப்பட்டேன்.

பனிக்காரன்:
நான் சியாச்சின் பனியாற்றுக்குப் போனது உங்களுக்கு ரொம்பப் பின்னால். அடிவார முகாமில் எங்களுக்கு விழுவதற்கே தனி வகுப்பு இருந்தது. சரிவில் வேண்டுமென்றே வழுக்கி, பனிக்கோடரியைக் குத்தி நிற்க வேண்டும். எல்லாரையும் ஒரே கயிற்றில் கட்டுவார்கள், ஒருவன் பனிப்பிளவுக்குள் போனால் மற்றவர்கள் இழுத்துப் பிடிக்க. கூடவே இன்னொன்று: வெறுங்கையால் துப்பாக்கி இரும்பைத் தொடவே கூடாது, தோல் அதிலேயே ஒட்டிக்கொள்ளும்.

ஹவில்தார் மகள்:
ஜவான் அண்ணா, நீங்கள் சொன்ன கார்கில் சண்டையின்போது அப்பாவும் அங்கேதான் இருந்தார். எங்கே என்று எங்களுக்குத் தெரியாது. கடிதத்தில் 56 ஏ.பி.ஓ. என்று ராணுவத் தபால் முகவரி மட்டும் இருக்கும். "இங்க ஒரு வேலையும் இல்ல, சாப்பிட்டுத் தூங்குறோம்" என்று ஒருமுறை எழுதியிருந்தார். டிவியில் பீரங்கிச் சத்தம், கடிதத்தில் தூக்கம். பொய் சொல்கிறார் என்று அம்மா அன்றைக்குப் பூராவும் அழுதாள். பத்திரமாகத் திரும்பி வந்தவரும் ஒன்றும் விளக்கிச் சொல்லவில்லை.

நேற்று உங்கள் பதிவை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "அப்போ நெசமாவே தூங்கிக்கிட்டுத்தான் இருந்திருக்காரு" என்று உள்ளே போய் அவரிடம் சண்டைக்கு நின்றாள்.