குடல் அழற்சியில் சப்ஸ்டன்ஸ் பி ஏற்பி: மாத்திரை இருந்தும் ஏன் தருவதில்லை?

கேள்வி (திருமங்கலம்):
என் தம்பிக்குப் பெருங்குடல் புண் அழற்சி இருப்பது மூன்று ஆண்டுகளுக்கு முன் மதுரையில் கொலோனோஸ்கோப்பி செய்தபோது தெரியவந்தது. நான் முதுகலை விலங்கியல் படிக்கிறேன். நரம்பு நுனிகளில் சுரக்கும் சப்ஸ்டன்ஸ் பி என்னும் பெப்டைடு (சிறு புரதத் துண்டு), செல்களின் மேலுள்ள என்.கே.1 ஏற்பியில் (அதைப் பற்றிக்கொள்ளும் புரதம்) பற்றி அழற்சியைத் தூண்டுவதாகப் பாடத்தில் வருகிறது. அதே ஏற்பியைத் தடுக்கும் அப்ரெபிடன்ட் என்னும் மாத்திரை கடைகளில் கிடைக்கும்போது, அதை இந்நோய்க்கு ஏன் தருவதில்லை? காரம் சப்ஸ்டன்ஸ் பியை வெளிவிடும் என்று நான் சொல்லப்போக, அம்மா பரோட்டாவுக்குச் சால்னா வைப்பதையே நிறுத்திவிட்டார்.

பதில் 1 (ஓய்வுபெற்ற உடலியங்கியல் ஆசிரியர், கே.கே. நகர்):
இப்பொருளை 1931இல் வான் ஆய்லர், காடம் என்னும் ஆய்வாளர்கள் குதிரையின் குடலிலிருந்தும் மூளையிலிருந்தும் பிரித்தெடுத்தனர். (‘பி’ என்பது பவுடரைக் குறிக்கும் எழுத்துதான், மாணவர்கள் அதில் ஏதோ பெரிய பொருளைத் தேடுவார்கள்.) பெப்டைடின் அளவைவிட ஏற்பி எங்கே முளைக்கிறது என்பதையே கவனியுங்கள். குடல் அழற்சி நோயாளிகளிடமிருந்து அறுவைச் சிகிச்சையில் அகற்றிய குடல் துண்டுகளை 1988இல் ஆராய்ந்தபோது, இயல்பான குடலில் இந்த ஏற்பி அரிதாகவே தென்படும் சிறு தமனிகள், சிரைகள், நிணநீர் முடிச்சுகள் ஆகியவற்றைச் சுற்றி அது மிக அடர்த்தியாகக் காணப்பட்டது. அப்படியானால் தடுத்துவிடலாமே என்றால், அதே ஏற்பி வழியாகத்தான் குடலின் உட்சுவர்ச் செல்கள் சாகாமல் காக்கப்பட்டுப் புண் ஆறவும் துணை கிடைக்கிறது என்று ஆய்வகச் சோதனைகள் காட்டுகின்றன. மூட்டுகிற கைதான் ஆற்றவும் செய்கிறது. எந்தக் கட்டத்தில் அதைக் கட்டிப்போடுவது என்பதே சிக்கல்.

மிளகாயைப் பொறுத்தவரை, அதன் காரப்பொருளான காப்சைசின் பற்றுவது டி.ஆர்.பி.வி.1 என்னும் வேறோர் ஏற்பியில். 1997இல் அதை இனங்கண்ட டேவிட் ஜூலியஸ் 2021இல் நோபல் பரிசு பெற்றார். அது தூண்டப்படும்போது நரம்பு நுனி சப்ஸ்டன்ஸ் பியை வெளிவிடுவது உண்மை. மீண்டும் மீண்டும் தூண்டினால் இருப்பு தீர்ந்து நரம்பு மரத்துப்போவதும் உண்மை. ஆகவே நோய் முற்றியிருக்கும் நாட்களில் காரத்தைத் தவிர்ப்பதும், அடங்கியிருக்கும்போது உங்கள் தம்பியின் வயிறு ஏற்கும் அளவு சேர்ப்பதும் போதும்.

பதில் 2 (மருந்தாளுநர், அண்ணாநகர்):
அப்ரெபிடன்ட், புற்றுநோய் மருந்தால் வரும் வாந்திக்காக 125, 80, 80 மி.கி. என மூன்று நாள் தரப்படுவது. குடல் அழற்சிக்கு அனுமதி பெற்றதன்று. அது கல்லீரலில் மருந்துகளைச் சிதைக்கும் சிவைபி3ஏ4 நொதியைத் தடுப்பதால் டெக்சாமெத்தசோன், மெத்தில்பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டுகளின் அளவு இரத்தத்தில் ஏறும். உங்கள் தம்பிக்கு ஸ்டீராய்டு எழுதியிருக்கிறார்களா?

கேள்வி கேட்டவர்:
சென்ற மாதம்வரை மெத்தில்பிரெட்னிசலோன் எடுத்தான். இப்போது மெசாலமைன் (ஸ்டீராய்டு அல்லாத குடல் அழற்சி மருந்து) மட்டும். நான் இதை யோசிக்கவே இல்லை. சால்னா பற்றி அம்மாவிடம் இன்றிரவே பேசுகிறேன்.