நாற்பது வயதுக் கருவிக்கு ஏற்ற காட்ரிட்ஜ்: எங்கள் அனுபவங்கள்

பரந்தனிலிருந்து

என்னிடம் இருப்பது டெக்னிக்ஸ் எஸ்.எல்-1200 எம்.கே.2 என்ற இசைத்தட்டுச் சுழலி. பெரியப்பா குவைத்தில் வேலை செய்த காலத்தில் வாங்கி, 1984இல் ஊருக்கு வந்தபோது கையோடு கொண்டுவந்தது. 1990இற்குப் பின்னர் வன்னியில் மின்சாரம் இல்லாமற்போய், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்கும் நிலை வந்தது. அதற்குச் சற்று முன்னரே கருவியும் அறுபது இசைத்தட்டுகளும் வவுனியாவில் மாமி வீட்டுக்குப் போயிருந்ததால் அவை தப்பின. பரந்தனில் வைத்திருந்த மிகுதித் தட்டுகளில் ஒன்றேனும் மிஞ்சவில்லை.

மீள்குடியேறி வீட்டுக்கு மின் இணைப்புக் கிடைத்த பின்னர் கருவியை எடுத்துவந்து இயக்கினோம். இருபது ஆண்டுகள் பேசாமல் இருந்த மோட்டார், ஆளியை அழுத்தியதும் சரியான வேகத்தைப் பிடித்தது. பழுதாகியிருந்தது காட்ரிட்ஜ்தான், அதாவது தட்டின் பள்ளத்தில் ஓடும் ஊசியின் அசைவை மின் சமிக்ஞையாக மாற்றும் சிறு பாகம். ஊசியின் வைரத்தில் தேய்மானம் எதுவும் தெரியவில்லை. ஆனால் ஊசித்தண்டைத் தாங்கும் சிறு இறப்பர் வளையம் தகரக் கூரையின் வெப்பத்தில் இறுகிப்போயிருந்தது. பாவிக்காமல் வைத்தால் பழுதாகாது என்று நாங்கள் நினைத்திருந்தோம். இறப்பருக்கு அந்த நியாயம் பொருந்தாது.

இதே பாடத்தை நான் இரண்டாவது முறையாகப் பணம் கொடுத்தும் படித்தேன். வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவர், பெட்டி பிரிக்காத பழைய மூவிங் கொயில் (ஊசியோடு கம்பிச்சுருள் அசையும்) வகைக் காட்ரிட்ஜ் என்று சொல்லி விற்றதை வாங்கினேன். பெட்டி பிரிக்கப்படாதது உண்மைதான். கருவியின் கையில் பூட்டித் தட்டின் மேல் இறக்கியதும், இறப்பர் தளர்ந்திருந்ததால் தண்டு மேலே மடிந்து, காட்ரிட்ஜின் வயிறு தட்டில் உரசியது. அந்த வகையில் ஊசியை நாமே கழற்றி மாற்ற முடியாது, திருத்துபவரிடம் அனுப்பவேண்டும். அப்படி ஒருவர் வன்னியில் இல்லை. கடல் கடந்து அனுப்பும் செலவில் புதிதாக ஒன்றை வாங்கலாம்.

அதன் பின்னர் 2011இல் ஷூர் எம்97எக்ஸ்.ஈ. வாங்கி ஏழு ஆண்டுகள் நிம்மதியாக இருந்தேன். 2018இல் ஷூர் நிறுவனம் காட்ரிட்ஜ் உற்பத்தியையே நிறுத்திவிட்டது. எனினும் ஜப்பானின் ஜிகோ நிறுவனம் அதற்குப் பொருந்தும் ஊசிகளைச் செய்ததால் என் காட்ரிட்ஜ் அநாதையாகவில்லை. கருவியின் கதையும் இதற்கு நேர்மாறானதல்ல: எஸ்.எல்-1200 வரிசையின் உற்பத்தி 2010இல் நின்று 2016இல் புதிய வடிவில் திரும்பியது, ஆனால் என் எம்.கே.2இன் உள்ளே உள்ள மின்னணுக் கட்டுப்பாட்டுச் சில்லுகள் (சிப்கள்) பழைய காலத்தவை. ஆகவே நிறுவனத்தின் பெயரைப் பார்த்து ஆதரவை எதிர்பார்ப்பதை நான் விட்டுவிட்டேன். அரை அங்குல இடைவெளியில் இரண்டு திருகுகள், காட்ரிட்ஜைத் தாங்கும் கழற்றக்கூடிய ஹெட்ஷெல், பெருக்கியின் 47 கிலோ ஓம் உள்ளீடு என்ற பொது அளவுகளே இத்தனை காலமும் எனக்குக் கைகொடுத்திருக்கின்றன. நிறுவனம் மூடினாலும் அந்த அளவுகளுக்கு இன்னொருவர் பொருள் செய்வார்.

பொருத்தம் பார்ப்பதில் நான் செய்த தவறையும் எழுதவேண்டும். டெனன் டி.எல்-103 என்பது 1962இல் ஜப்பானிய ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே.யுடன் சேர்ந்து உருவாக்கப்பட்ட காட்ரிட்ஜ். அதன் நிறை 8.5 கிராம். கையின் பயன்படு நிறை 12 கிராம், திருகுகள் அரைக் கிராம், ஆக 21 கிராம். இந்த நிறையும் ஊசித்தண்டின் நெகிழ்வும் சேர்ந்தே பரிவு மீடிறனை, அதாவது கையும் ஊசியும் சேர்ந்து தாமாகவே செக்கனுக்கு எத்தனை முறை அதிரும் என்பதை, தீர்மானிக்கின்றன: நிறையையும் நெகிழ்வையும் பெருக்கி, அதன் வர்க்கமூலத்தால் 159ஐப் பிரித்தால் விடை ஹேர்ட்ஸில் வரும். அது 8 முதல் 12 வரை இருப்பது நல்லது. அதற்குக் கீழே போனால் நெளிந்த தட்டின் ஏற்ற இறக்கத்தோடு கை ஆடத் தொடங்கும். மேலே போனால் பாட்டின் அடிச்சுரத்தைத் தொடும். எங்கள் வெயிலில் நெளியாத தட்டு எவரிடம் இருக்கிறது? நிறுவனத்தின் தாளில் இருந்த நெகிழ்வு 5ஐ வைத்துக் கணக்குப் போட்டபோது 15.5 வந்தது. பொருந்தாது என்று முடிவுகட்டி ஓராண்டு வாங்காமலே இருந்தேன். ஜப்பானிய நிறுவனங்கள் நெகிழ்வை 100 ஹேர்ட்ஸில் அளந்து எழுதுகின்றன என்பதும், நமது கணக்குக்கு வேண்டிய 10 ஹேர்ட்ஸ் பெறுமானம் ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மடங்கு என்பதும் பின்னரே தெரிந்தன. 5 என்பதை 9 ஆக எடுத்தால் விடை 11.6. ஒரு தாளின் அடிக்குறிப்பைப் படிக்காததற்கு ஓராண்டு தண்டனை.

இப்போது டி.எல்-103 ஒரு ஹெட்ஷெல்லில், ஓடியோ-டெக்னிக்கா வி.எம்.95 இன்னொன்றில். முன்னையது 0.3 மில்லிவோல்ற்று மட்டுமே தருவதால் அதை உயர்த்தத் தனியாக ஒரு நிலைமாற்றி (டிரான்ஸ்போமர்) வேண்டும். அது நல்ல நாட்களுக்கு. அன்றாடம் பின்னையதுதான், ஏனெனில் அதன் ஊசியை நகத்தால் தள்ளிக் கழற்றி வேறொன்றைச் செருகலாம். நீள்வட்ட ஊசிக்கு 300 மணித்தியாலம், இன்னும் நுணுக்கமாகத் தீட்டிய மைக்கிரோலைன் ஊசிக்கு 1000 மணித்தியாலம் என்று நிறுவனம் சொல்கிறது. சோளகக் காற்று வீசும் மாதங்களில் செம்மண் தூசி தட்டில் படிவதால் நான் அந்த எண்களை முழுதாக நம்புவதில்லை.

வவுனியாவிலிருந்து

பரந்தன் அண்ணா எழுதியதில் மின்சாரத்தைப் பற்றிய ஒரு சங்கதி விடுபட்டிருக்கிறது. அவருடைய மோட்டார் மின்சாரத்தைப் பாராமல் குவாட்ஸ் பளிங்கின் துடிப்பைப் பார்த்துச் சுற்றுவதால் அவருக்கு அது தேவைப்படவில்லை. எனக்கு ரொறன்ரோவிலிருந்து மைத்துனர் அனுப்பியது தோரன்ஸ் டி.டி.160. அங்கே மின்சாரம் 120 வோல்ற்று, 60 ஹேர்ட்ஸ். இங்கே 230 வோல்ற்று, 50 ஹேர்ட்ஸ். வோல்ற்றளவைக் குறைக்க நிலைமாற்றி வாங்கிப் பூட்டினேன். அது மீடிறனை மாற்றாது என்பது அப்போது என் சிந்தையில் வரவில்லை. அந்த மோட்டார் மீடிறனுக்கு அடிமை. ஆகவே 33⅓ சுற்றுக்குப் பதிலாக 27.8 சுற்றுத்தான் சுழன்றது. பாடகியின் குரல் மூன்று அரைச்சுரம் இறங்கித் தடிமன் பிடித்த ஆண் குரலாகக் கேட்டது.

அதைவிட வேடிக்கை, பெட்டியோடு வந்த வேகம் பார்க்கும் கோட்டுத் தட்டை ரியூப் லைற்றின் கீழே வைத்தபோது, கோடுகள் அசையாமல் நின்று "வேகம் சரி" என்றன. அந்தத் தட்டு 60 ஹேர்ட்ஸ் விளக்குக்கு வரையப்பட்டது. மோட்டாரும் விளக்கும் ஒரே விகிதத்தில் மெதுவானதால், கருவியும் சாட்சியும் சேர்ந்து பொய் சொல்லிவிட்டன. இரண்டு கிழமை காட்ரிட்ஜைச் சந்தேகித்துக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்தேன். கண்டுபிடித்தது அம்மாவின் காது. 50 ஹேர்ட்ஸுக்குரிய கப்பியை ஜெர்மனியிலிருந்து வரவழைத்துப் பூட்டிய பின்னரே பாட்டு பாட்டானது. அந்தக் கப்பியும் பட்டியும் இன்றும் வாங்கக் கிடைப்பதை நான் பெரிய ஆதரவாகவே கருதுகிறேன்.

2022இல் நாள்தோறும் மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்தபோது மின்பிறப்பாக்கியில் ஒருநாள் போட்டுப் பார்த்தேன். இயந்திரம் மூச்சுவாங்கும் ஒவ்வொரு முறையும் வீணையும் மூச்சுவாங்கியது. அதோடு நிறுத்திவிட்டேன்.

முள்ளியவளையிலிருந்து

அப்பா கோயில் திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி கட்டியவர். அவருடைய 78 சுற்று அரக்குத் தட்டுகள் சிலவற்றை உறவினர் ஒருவர் காப்பாற்றி வைத்திருந்தார். சாதாரண ஊசியால் அவற்றைப் போட்டபோது பாட்டைவிட இரைச்சலே கூடுதலாகக் கேட்டது. ஐயாவின் வி.எம்.95இல் இவற்றைப் போடலாமா?

பரந்தனிலிருந்து

தம்பி, நீண்டநேரத் தட்டுக்குரிய ஊசிமுனையின் ஆரை 18 மைக்கிரோன் அளவு. 78 சுற்றுத் தட்டின் அகன்ற பள்ளத்துக்கு 75 மைக்கிரோன் அளவு வேண்டும். சிறிய ஊசி பள்ளத்தின் அடியில் கிடந்து அழுக்கைக் கிண்டுகிறது. நீங்கள் கேட்ட இரைச்சல் அதுதான். வி.எம்.95இன் உடலில் செருகக்கூடிய 78 சுற்று ஊசி தனியாக இருக்கிறது. ஆனால் என் கருவியில் 33⅓, 45 ஆகிய இரண்டு வேகங்களே உண்டு. பழைய கரார்ட் 301 அல்லது 401 வைத்திருப்பவர் எவரேனும் அகப்பட்டால் அவற்றில் 78உம் இருக்கும், நானும் விசாரிக்கிறேன். ஊசியை வெளிநாட்டிலிருந்து வருபவரிடம் கொடுத்துவிடச் சொல்வதாயின், பிளாஸ்ரிக் காப்போடு சிறு பெட்டியில் வைத்துக் கைப்பையில் கொண்டுவரச் சொல்லுங்கள். எனக்கு வந்த ஒன்று பயணப்பெட்டியில் மாப்பேணிகளுக்கு நடுவே கிடந்து, தண்டு முறிந்து வந்தது.