கூடலூர் அத்தை நகையைத் தர மறுக்கிறார், 420 போடலாமா?

ஹட்டன் மலர்: அவசரம். அம்மாவோட நகையை இந்தியாவுல கூடலூர்ல இருக்கிற அத்தைகிட்ட கொடுத்து வச்சோம். இப்ப கேட்டா தரமாட்டேங்கிறாங்க. இங்க இலங்கைப் பொலிஸ்ல இந்தியா விசயம்னு திருப்பி அனுப்பிட்டாங்க. இந்தியத் தண்டனைச் சட்டம் 420, அதாவது ஏமாத்துக் கேஸ் போடலாமா?

பதுளை ரவி: எப்ப குடுத்தீங்க? பத்திரமா வைக்கவா, அவசரத்துக்கு உதவியாவா? எழுத்துல ஏதும்?

கம்பளை ஐயா: திகதி இல்லாம சட்டம் கேட்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது? 420க்கு வாங்கும்போதே ஏமாத்துற எண்ணம் இருக்கணும். நம்பிக் கொடுத்ததைப் பிறகு சுருட்டினா நம்பிக்கை மோசடி, அதே சட்டத்துல 406.

நானுஓயா: 406 பழசு ஐயா. 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்துக்குப் பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதா 316(2). மூணு வருசத் தண்டனை அஞ்சாயிருச்சு.

கம்பளை ஐயா: அரைகுறை. நகையைக் கையாடின நாள்தான் கணக்கு. அது ஜூலைக்கு முந்தினா 406தான், புகார் எப்பக் கொடுத்தாலும். 406க்கு வழக்கெடுக்க மூணு வருசக் கெடு உண்டு, 316(2)க்கு இல்ல.

பதுளை ரவி: 420, 406 ரெண்டையும் சேர்த்தே எழுதினா என்ன? எல்லாரும் அப்படித்தானே எழுதுறாங்க.

கம்பளை ஐயா: எழுதுறாங்க, கோர்ட்ல அடிபட்டுப் போகுது. ஒரே சம்பவத்துக்கு ரெண்டும் சேராதுன்னு டெல்லி ரேஸ் கிளப் வழக்குல 2024ல உச்ச நீதிமன்றம் சொல்லியாச்சு.

நானுஓயா: எப்.ஐ.ஆர். (பொலிஸ் பதியிற முதல் தகவல் அறிக்கை) கட்டத்துல அதைப் பார்க்க மாட்டாங்க.

கம்பளை ஐயா: பார்க்க வேண்டியது பொலிஸோட கடமைன்னுதான் அந்தத் தீர்ப்பே.

ஹட்டன் மலர்: 2023 டிசம்பர்ல, தங்கச்சி கல்யாணம் வரைக்கும் வச்சிருங்கன்னு கொடுத்தது. ஆறு பவுண். கோத்தகிரி அண்ணனும் பக்கத்துல இருந்தாங்க. 2024 ஏப்ரல்ல அத்தை அடகு வச்ச சீட்டோட போட்டோ போன வாரம்தான் கிடைச்சது.

பண்டாரவளை: அப்ப 406. கெடு உங்களுக்குத் தெரிய வந்த நாள்ல இருந்து ஓடும், சீட்டு யார் எப்ப அனுப்பினாங்கங்கிற வாட்ஸ்அப் தகவலை அழிக்காதீங்க. கூடலூர் பொலிஸ்ல அண்ணனே புகார் கொடுக்கலாம், நேர்ல பார்த்த சாட்சி அவர். ஒன்லைன்ல அனுப்பினா மூணு நாளைக்குள்ள கையெழுத்துப் போடணும், உங்களால முடியாது. ஒவ்வொரு நகையா எழுதுங்க: சங்கிலியா வளையலா, எடை, கல் உண்டா, என்ன சொல்லிக் கொடுத்தீங்க, அடகுச்சீட்டு இலக்கம். இலக்கம் இருந்தா கடையில கைப்பற்றுறது சுலபம். 'கைமாத்து', 'கடன்'னு ஒரு சொல் வந்தாலும் சிவில் விசயம்னு மூடிருவாங்க. புகாரை எடுக்கலைன்னா மாவட்டப் பொலிஸ் தலைவர் எஸ்.பி.க்குப் பதிவுத் தபால், அதுக்கும் அசையலைன்னா மாஜிஸ்திரேட்.

சிவில் வழக்கும் தேவைப்படலாம். இப்பவே வக்கீல் நோட்டீஸ் விடுங்க, அத்தை மறுத்த நாள்ல இருந்து மூணு வருசத்துக்குள்ள வழக்குப் போடணும். அதுக்கு அண்ணன் பேர்ல அற்றோனித் தத்துவம் (உங்களுக்காக அவர் நடக்க அதிகாரம் தர்ற பத்திரம்) வேணும். கண்டி இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயத்துல அத்தாட்சி வாங்கி, இந்தியா போய்ச் சேர்ந்து மூணு மாசத்துக்குள்ள முத்திரை வரி கட்டணும்.

நானுஓயா: இங்க நொத்தாரிசு (நோட்டரி) அத்தாட்சி போதாதா?

பண்டாரவளை: அத்தை தரப்பு அதையே கேள்வியாக்கி வழக்கை இழுக்கும். கண்டியே நல்லது.

ஹட்டன் மலர்: அண்ணன் திங்கள் போறாங்க. சீட்டு இலக்கம் தெளிவாத் தெரியுது. நன்றி.

பதுளை ரவி: மலர் தங்கச்சி, அடகு யார் பேர்ல இருக்கு?